திருப்புளியும் தோல் குஞ்சமும்

(வானொலி வேளாண் அரங்கில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. ஒரு பழைய கருவியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அதுதான் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. "வேளாண்மை அலுவலருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால், பேச்சு கடைசியில் நம்ம வயல் வரப்புக்கே வந்து சேரும்.

இந்தத் துப்பாக்கி உங்களுக்குப் புதிதல்ல. மலையடிவார ஊர்களில் பன்றிக் காவலுக்கு அந்தக் காலத்தில் வைத்திருந்தார்கள். பயிர்க் காவலுக்கு இதை வைத்துக்கொள்ள உரிமம் கேட்கலாம் என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். உரிமம் இருந்தாலும், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், நம் இஷ்டத்துக்குக் காட்டு விலங்கைச் சுட முடியாது. பரணில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி கிடந்தால், காவல் நிலையத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுவதே நல்லது.

நம்ம பாலாற்றுப் பக்கம் இந்தத் துப்பாக்கியை நிறையவே பார்த்திருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை என்றால் இன்றைக்குத் தோல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி இதே ஆம்பூரில் பெரும் சண்டை நடந்தது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் யானைமேல் இருந்தபடியே துப்பாக்கிக் குண்டு பட்டு மாண்டுபோனார்.

அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது? முதலில் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதிலுள்ள கருமருந்தில் ஒரு சிட்டிகையைப் பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணத்தில் போட வேண்டும். மீதி மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, ஈயக் குண்டையும் காகிதத்தையும் போட்டு, கம்பியால் நன்றாகக் கெட்டிக்க வேண்டும். விசையை இழுத்தால், குதிரையின் வாயிலிருக்கும் சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணத்து மருந்து பற்றி, சின்னத் துளை வழியாக உள்ளே தீ போகும். அப்புறம்தான் வெடி. கைதேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடுவான்.

இவ்வளவும் நடக்கத் துப்பாக்கி மட்டும் போதாது. கல் நழுவாதிருக்க அதைச் சுற்றி ஒரு துண்டுத் தோல் வேண்டும். தோட்டா நனையாதிருக்கத் தோல் பெட்டி வேண்டும். தோளில் மாட்டத் தோல் வார் வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க ஓர் ஊசி, மழுங்கிய கல்லை மாற்றவும் ஆணியை முடுக்கவும் ஒரு திருப்புளி வேண்டும். கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். நீங்கள் தெளிப்பானைக் கழுவி வைக்கிற மாதிரிதான்.

இந்தச் சில்லறைச் சாமான்களில்தான் கதையே இருக்கிறது.

1805-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்று வந்தது. அதில் தோலால் ஆன ஒரு குஞ்சம். பசுத்தோலோ, பன்றித்தோலோ என்று இந்துவுக்கும் ஐயம், முஸ்லிமுக்கும் ஐயம். அடுத்த ஆண்டு இன்னொரு உத்தரவு: நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைச் சொன்ன அளவில் வெட்ட வேண்டும். இதோடு, சிப்பாய்களின் மார்பருகே தொங்கிய திருப்புளி சிலுவை வடிவில் இருந்தது. ஆணி முடுக்குகிற சாமான்தான் அது. "நம்மை மதம் மாற்றத்தான் சிலுவையை நெஞ்சில் தொங்கவிட்டார்கள்" என்று பேச்சுப் பரவிவிட்டது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். தோல் சிப்பாய்க்குப் புதிதா? இடுப்பில் தோல், தோளில் தோல், தோட்டாப் பெட்டி தோல். அதற்காகக் கலகம் நடக்கவில்லை. தோல் தலைக்கு ஏறிய பிறகுதான் விபரீதம் வந்தது. பொருள் ஒன்றுதான். அதை எங்கே வைக்கிறோம், யாரைக் கேட்டு வைக்கிறோம் என்பதில்தான் மானம் இருக்கிறது.

1806 மே மாதம் வேலூர்ச் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். அப்போதாவது அதிகாரிகள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்கு 900 கசையடி கொடுத்துப் படையை விட்டுத் துரத்தினார்கள். இன்னும் 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பு. மன்னிப்புக் கேட்டதால் அவர்கள் தப்பினார்கள்.

வாய் மூடியதே தவிர மனசு ஆறவில்லை. ஜூலை 10 விடிவதற்கு முன்னே வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். கோட்டைச் சுவர்மேல் தாக்குப்பிடித்து நின்ற வெள்ளைச் சிப்பாய்களிடம் அதற்குள் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. வெறும் ஈட்டிமுனையோடு நின்றார்கள். பீரங்கியால் வாசலைப் பிளந்து குதிரைப்படை உள்ளே நுழைந்ததும், இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கோட்டையில் சிறையிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

கலகத்துக்குத் தலைப்பாகை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. திப்பு குடும்பத்தின் மேல் இருந்த பற்று, அந்நியன் ஆட்சியின் மேல் இருந்த கசப்பு, எல்லாம் சேர்ந்ததுதான். காய்ந்த வைக்கோற்போர் ஏற்கெனவே இருந்தது. தீக்குச்சி இந்தத் தலைப்பாகை. பிறகு அந்த உத்தரவுகளை அரசே திரும்பப் பெற்றது. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் 1807-இல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

பாடம் படித்தார்களா? இல்லை. 51 ஆண்டு கழித்து வடநாட்டில் என்பீல்டு என்ற புதுத் துப்பாக்கி வந்தது. அதுவும் வாய்வழி கெட்டிப்பதுதான். ஆனால் குழலுக்குள்ளே திருகு மாதிரி வரிப்பள்ளம் இருக்கும். குண்டு சுழன்றுகொண்டு வெகுதூரம் குறி தவறாமல் போகும். குண்டு இறுக்கமாக இறங்க வேண்டியிருந்ததால் தோட்டாவுக்குக் கொழுப்புத் தடவினார்கள். பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்று மறுபடியும் அதே ஐயம். அதையும் பல்லால் கடிக்கச் சொன்னால் யார் கடிப்பார்?

விழித்துக்கொண்டு, "கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம்" என்று முறையை மாற்றினார்கள். 1857 ஏப்ரல் 24-இல் மீரட்டில் குதிரைப்படைச் சிப்பாய்களுக்கு அந்தப் புது முறையைக் காட்டத்தான் அணிவகுப்பு நடந்தது. அன்று கொடுத்தவை பழைய வகைத் தோட்டாக்களே. ஆனாலும் 85 பேர் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10-இல் மீரட் கொதித்தெழுந்தது. நம்பிக்கை போன பிறகு நல்ல தோட்டாவும் கெட்ட தோட்டாதான்.

இப்போது வயலுக்கு வருவோம்.

திருந்திய நெல் சாகுபடிக்குக் கோனோ வீடர் என்ற களைக்கருவியைக் கொடுக்கிறோம். 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டிருந்தால்தான் அது குறுக்கும் நெடுக்கும் ஓடும். வயலில் மெல்லிய நீர் நிற்க வேண்டும். காய்ந்த சேற்றில் தள்ளினால் தோள்பட்டை கழன்றுவிடும். இதைச் சொல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாளே மாட்டுத்தொழுவத்தில் தொங்கும். "சர்க்கார் சாமானே இப்படித்தான்" என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவும். அடுத்த முறை உண்மையிலேயே நல்ல விதையைக் கொண்டுபோனாலும் கதவைத் திறக்கமாட்டார்கள். அதற்கு உழவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆகவே என் போன்ற அலுவலர்களுக்கு ஒன்று சொல்வேன்: கருவியைக் கொடுக்கும்போது காரணத்தையும் கொடுங்கள். முடியாது என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

உழவர் பெருமக்களே, உங்களுக்கும் ஒன்று. புதுசாக எது வந்தாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். இது எதனால் ஆனது? எதற்காக? யார் வயலில் போட்டுப் பார்த்தார்கள்? கெட்டால் யார் சரிசெய்வார்கள்? மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும்? பதில் சொல்லாதவர் கொடுப்பதை வாங்காதீர்கள். அதேபோல் திண்ணைப் பேச்சை மட்டும் நம்பி ஒதுக்கியும் விடாதீர்கள். முதலில் கால் காணியில் போட்டுப் பாருங்கள். பலனை உங்கள் கண்ணே சொல்லும்.

வேலூர்க் கோட்டைப் பக்கம் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, ஒரு நிமிடம் நின்று அந்த அகழியைப் பாருங்கள். ஒரு தோல் குஞ்சத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாகக் கசையடி வாங்கியவர்கள் இருந்த கோட்டை அது.