செக் ஜாவா: கடல் வற்றும்போது போங்க!

புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா, நில மீட்புப் பணியில் மண்ணுக்கடியில் போயிருக்க வேண்டிய கடற்கரை. 2001இல் தொண்டூழியர்கள் அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். பொதுமக்களும் குரல் கொடுத்தார்கள். டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கவனிங்க, ரத்தாகவில்லை!

சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதிகள் சிங்கப்பூரில் நான்குதான்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, லேப்ரடார், சுங்கை பூலோ. செக் ஜாவா அதில் இல்லை.

எப்படிப் போவது? லிட்டில் இந்தியாவிலிருந்து டௌன்டவுன் ரயிலில் தெம்பனிஸ், அங்கிருந்து பேருந்தில் சாங்கி வில்லேஜ், பிறகு படகு. 12 பேர் சேர்ந்தால்தான் புறப்படும். அவசரமா? 12 பேர் கட்டணத்தையும் நீங்களே கொடுக்கணும். உபினில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும்.

முக்கியமா, கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. அப்போதான் பலகைப் பாதையிலிருந்து கடற்புல்லும் நண்டுகளும் கண்ணில் படும்.