சகுந்தலையின் வெண்கல உருவம்

பழனி வட்டத்துக் கீரனூர்ப் பக்கத்தில் வாழும் எங்களுக்குக் காதல் என்றவுடன் நினைவுக்கு வருவது வள்ளியின் வரலாறே. தினைப்புனம் காத்த குறமகளை நாடி முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்த கதையை, வள்ளி திருமண நாடகமாக விடிய விடியப் பார்ப்பது இவ்வட்டாரத்து வழக்கம். பெற்றோர் கொடுப்பதற்கு முன்னரே இருவர் உள்ளமும் தாமாகக் கலக்கும் இவ்வொழுக்கத்தைத் தமிழர் களவு என்றனர். வடநூலார் கந்தருவம் என்றனர். கந்தருவ மணத்தைப் பாடிய வடமொழி நூல்களில் தலைசிறந்தது காளிதாசனின் சாகுந்தலம். அந்நூலின் காதலர் இருவரும் பிரெஞ்சு நாட்டில், ஒரு பெண்ணின் கைத்திறத்தால், சிலையாயினர். அவ்வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

சாகுந்தலம் மேல்நாடு சென்ற வழியை முதலில் நோக்குவோம். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அதனை 1789இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1791இல் அது ஜெர்மன் மொழிக்குச் சென்றது. அதனைப் படித்த கவிஞர் கெதே வியந்து பாராட்டினார். 1830இல் ஷெசி என்ற அறிஞர் மூலத்துடன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் பதிப்பித்தார். 1858இல் பாரிஸ் நகரில் அது நாட்டிய நாடகமாகவும் ஆடப்பெற்றது. தமிழில் மறைமலையடிகள் அதனை மொழிபெயர்த்தது 1907ஆம் ஆண்டிலாகும்.

இவ்வாறு பரவிய கதை காமில் கிளோதெல் என்ற இளம்பெண்ணின் உள்ளத்தைத் தொட்டது. 1864இல் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே களிமண்ணில் உருவம் சமைக்கத் தொடங்கியவர். அந்நாளில் பாரிஸ் அரசுக் கலைப்பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. 1897இல்தான் அதன் கதவு அவர்களுக்குத் திறந்தது. ஆகவே தனியார் கலைக்கூடம் ஒன்றில் பயின்று, பின்னர்ப் பெருஞ்சிற்பி ரோடினிடம் மாணவியாகவும் உதவியாளராகவும் சேர்ந்தார். 1886இல் சகுந்தலையைத் தொடங்கி, சுண்ணச் சாந்தில் வார்த்து, 1888ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தார். நடுவர்கள் அதற்குச் சிறப்புக் குறிப்பு வழங்கினர்.

அவர் தேர்ந்துகொண்ட காட்சி எது? கண்ணுவரின் தவச்சோலையில் நிகழ்ந்த முதற் சந்திப்பன்று. மோதிரத்தை இழந்து அரசவையில் நாணி நின்ற காட்சியுமன்று. நாடகத்தின் இறுதியில், பிரிந்தவர் மீண்டும் கூடும் காட்சியையே அவர் எடுத்துக்கொண்டார். துஷ்யந்தன் மண்டியிட்டு, அண்ணாந்து நோக்கி, அவள் இடையை அணைத்திருக்கிறான். அவளோ ஒரு கையை மார்பில் வைத்து, மறு கை தளர்ந்து தொங்க, அவன்மேல் சாய்கிறாள். நிழற்படத்தில் காணும்போதும் அச்சாய்வில் மகிழ்ச்சியோடு நெடுநாட் களைப்பும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அரசன் கீழே, காட்டு மகள் மேலே. மறந்தவன் மன்னிப்பை வேண்டுகிறான். மறக்கப்பட்டவள் அதனை அளிக்கிறாள்.

1895இல் அச்சாந்துருவம் ஷாத்தோரு நகரக் காட்சிச்சாலையைச் சேர்ந்தது. அங்கே சிலர் அதனைப் பழித்தும் நகைத்தும் எழுதினர். பத்தாண்டுகள் கழித்து, 1905இல், அவ்வுருவம் இருவகையில் மறுபிறவி எடுத்தது. ஒன்று சலவைக்கல், மற்றொன்று, யூஜேன் புளோ என்ற வணிகர் வார்ப்பித்த வெண்கலம்.

நம் சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். ஆதலின் ஒரு மெழுகுக்கு ஓர் உருவமே. ஐரோப்பிய வணிகரோ மூல உருவத்தை வைத்துக்கொண்டு பல படிகள் வார்த்து விற்றனர். கிளோதெலின் காதலரும் அவ்வாறே பல வீடுகளுக்குச் சென்றனர்.

ஆனால் சென்றபோது பெயர் மாறிவிட்டது. சலவைக்கல் உருவத்துக்கு வெர்த்தும்னஸ், பொமோனா என்ற உரோமானியக் காதலரின் பெயர் சூட்டப்பட்டது. ஓவிட் பாடிய அக்கதையில் வெர்த்தும்னஸ் என்ற தெய்வம் பல வேடம் பூண்டு, முடிவில் கிழவியாகவும் வந்து, பழத்தோட்டம் காத்த பொமோனாவின் மனத்தை வெல்கிறது. நம் வள்ளி கதையோடு எவ்வளவு ஒற்றுமை! வெண்கலத்துக்கு இட்ட பெயரோ ‘அபாந்தோன்’. அச்சொல்லுக்குத் தன்னை ஒப்புவித்தல் என்றும் பொருள். கைவிடுதல் என்றும் பொருள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். உரோமானியப் பெயரோடு பார்த்தால், மண்டியிட்டவன் வெற்றி பெற்ற காதலன். சகுந்தலை என்ற பெயரோடு பார்த்தாலோ, அவன் பிழை உணர்ந்த கணவன். சிற்பம் ஒன்றே, பெயர் போனவுடன் அதன் நீதி போய்விடுகிறது. மகாபாரதத்துச் சகுந்தலையின் கதையில் மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை; அரசன் அறிந்தே மறுக்கிறான். மறதியையும், அம்மறதியை நீக்கும் அடையாளத்தையும் கதையின் உயிராக்கியவன் காளிதாசன். நாடகத்தின் முழுப்பெயரில் உள்ள ‘அபிஞானம்’ என்பதே அறிந்துகொள்ளும் அடையாளத்தைக் குறிப்பது.

கிளோதெலின் வாழ்வோ சகுந்தலையின் கதைபோல் முடியவில்லை. ரோடினைப் பிரிந்தார், வறுமையும் மனநோயும் வாட்டின, தம் படைப்புகள் பலவற்றைத் தாமே உடைத்தார். 1913 மார்ச்சில் தந்தை இறந்த சில நாட்களில் குடும்பத்தினர் அவரை மனநோய் மருத்துவ விடுதியில் சேர்த்தனர். 1920இல் மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியும் தாய் இசையவில்லை. முப்பது ஆண்டுகள் அத்தகைய விடுதிகளிலேயே இருந்து 1943 அக்டோபரில் மறைந்தார். அவருடைய எலும்புகள் பின்னர்ப் பொதுக்குழியில் சேர்ந்தன. தனிக் கல்லறையும் இல்லை.

அடையாள மோதிரத்தை மீனின் வயிற்றிலிருந்து எடுத்தவன் ஒரு செம்படவன். கிளோதெலுக்கு அத்தொண்டைச் செய்தவர்கள் பிற்கால ஆய்வாளர்களும் காட்சிச்சாலையினரும். இளமையில் அவர் வாழ்ந்த நொழான் நகரில் 2017இல் அவர் பெயராலேயே ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அவருடைய வெண்கலத்தை எங்கேனும் படத்தில் கண்டால், நேயர்களே, அதன் அடியில் எப்பெயர் பொறித்திருந்தாலும், அவள் சகுந்தலை என்பதையும், அவளை வனைந்தவர் காமில் கிளோதெல் என்பதையும் அருகிலிருப்பவருக்குச் சொல்லுங்கள்.