ஆறும் காலம்: மனவடு சிகிச்சையில் பொறுமை ஒரு முறையாக வளர்ந்த வரலாறு

முன்னுரை

கருவேப்பிலங்குறிச்சியை அடுத்த விருத்தாசலத்தில் பீங்கான் சுடுபவர்கள் தீ அணைந்ததும் சூளையைத் திறந்துவிடுவதில்லை. அது ஆறும்வரை காத்திருப்பார்கள். சூடு தணியுமுன் குளிர்காற்றுப் பட்டால் சாமான் விரிசல் விடும். தமிழில் சூளையும் ஆறும், புண்ணும் ஆறும், மனமும் ஆறும். அதிர்ச்சி விட்டுச்சென்ற மனவடுவுக்கான சிகிச்சை இந்த நிதானத்தை எவ்வாறு கற்றது, எங்கே மறந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பொறுமை சிகிச்சையாளரின் நற்குணம் மட்டுமன்று, அது சிகிச்சையின் உள்ளுறுப்பு என்பதே இதன் கருதுகோள்.

போர்க்களம் தந்த பாடம்

பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே 1889-இல் வெளியிட்ட நூலில், அதிர்ச்சி நினைவுகள் மனத்தில் தனித்து ஒதுங்கி நின்று ஒருவரை ஆட்டுவிப்பதை விளக்கினார். நோயாளியை நிலைப்படுத்துதல், நினைவை அணுகுதல், வாழ்வோடு மீண்டும் இணைத்தல் என மூன்று படிகளைப் பின்வந்த ஆய்வாளர்கள் அவர் பணியில் இனங்கண்டனர்.

முதல் உலகப்போரில் பேச்சிழந்த, நடுங்கிய வீரர்களைக் களத்துக்குத் திருப்பியனுப்ப அவசரம் இருந்தது. லண்டனில் மருத்துவர் லூயிஸ் யெல்லாண்ட் மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரே அமர்வில் பேசவைத்ததாகப் பதிவு செய்தார். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வேறு வழியில் சென்றார். நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் நூல் எழுதியவர் இவர். போர் நினைவை வலிந்து அமுக்குவதும் கேடு, ஓயாமல் அதிலேயே உழல்வதும் கேடு என்றார். நோயாளி தாங்கும் அளவுக்கு அந்த நினைவோடு பழகச் செய்தார். போர் முடிந்தபின் இந்தப் பாடம் பெரிதும் மறக்கப்பட்டது.

ஒரே அமர்வின் தோல்வி

வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல வகைப்பாடு மனவடுவை ஒரு நோயாக முறையாக ஏற்றது. ஆனால் அவசரமும் திரும்பி வந்தது. பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை 1980-களில் பரவியது. 1997-இல் வெளியான ஆய்வொன்று தீக்காயமுற்றோரிடம் இதைச் சோதித்தது. 13 மாதங்களுக்குப் பின் இந்த அமர்வுக்கு வந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. வராதவர்களில் 9 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஒற்றை அமர்வு நோயைத் தடுக்கவில்லை என 2002-இல் காக்ரேன் மீளாய்வும் முடிவுரைத்தது. இதற்கிடையே 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீள்இணைப்பு என்ற படிவரிசையை நிலைநிறுத்தியிருந்தார். ஒரு நூற்றாண்டு சுற்றி, துறை ஜானேயிடமே திரும்பியது.

நம் கரைகளில்

கருவேப்பிலங்குறிச்சி வழியே செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த முகத்துவாரக் குப்பங்களைச் சுனாமி தாக்கியது. ஒடிசா புயலிலும் குஜராத் நிலநடுக்கத்திலும் பணியாற்றிய பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், சுனாமிப் பகுதிகளில் ஊர்ப் பணியாளர்களுக்கு உளசமூகப் பயிற்சி அளித்தது. கூடவே வாழ்பவரால்தான் தொடர்ந்து காத்திருக்க முடியும் என்பதே அதன் அடிப்படை.

கடலைக் கண்டு அஞ்சுபவருக்குப் படிப்படியான அணுகுமுறை எளியது. முதலில் அலையோசை கேட்காத திண்ணையில் பேச்சு. பிறகு கரைக்குப் போகும் பாதையில் சிறு நடை. பிறகு மணலில் சிறிது நேரம். நெஞ்சு படபடத்தால் அங்கேயே நின்று, மூச்சைச் சீராக்கி, வேண்டுமானால் திரும்பிவிடலாம். எப்போது அடுத்த அடி என்பதை அவரே முடிவு செய்வார்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் போர் ஈழத்தமிழர் மனத்தில் ஏற்படுத்திய வடுக்களை ஆவணப்படுத்தினார். மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்தின் மந்திரத்தையோ செபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஆகியவற்றைச் சிகிச்சையில் சேர்த்தார். நிலைப்படுத்தும் முதற்படி அங்கே மக்களின் அன்றாடப் பழக்கத்திலிருந்தே எழுந்தது.

முடிவுரை

அவசரப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் இத்துறை தோற்று, பின் நிதானத்துக்கே மீண்டிருக்கிறது. ஆகவே பேரிடர் மனநலத் திட்டங்களை நிவாரண முகாமோடு மூடிவிடாமல் ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டும். வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: “இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்காதீர்கள். அவர் ஆறிக்கொண்டிருக்கிறார், உடன் இருங்கள்.