காற்றுக்குப் பதில் ஒரு வளைகோடு

1974 ஜனவரி 20. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். ஒய்எஃப்-16 என்ற புத்தம்புது போர் விமானத்தை அன்று பறக்கவிடும் எண்ணமே யாருக்கும் இல்லை. ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்ப்பதுதான் திட்டம். ஓடும்போதே விமானம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. சோதனை விமானி ஃபில் ஓஸ்ட்ரைக்கர் நிமிர்த்தப் பார்க்க, ஆட்டம் இன்னும் கூடியது. இறக்கை முனை தரையில் உரசி, பாதையை விட்டே விலகத் தொடங்கியது விமானம். இனித் தரையில் வைத்திருப்பதுதான் ஆபத்து என்று முடிவுசெய்து, அவர் அதை மேலே கிளப்பிவிட்டார். ஆறு நிமிடம் கழித்துப் பத்திரமாக இறங்கினார்.

அந்த விமானத்தின் ஸ்டிக் அசையாது. கை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து மின்குறிப்பாக அனுப்பும். இவ்வளவு அழுத்தத்துக்கு இவ்வளவு சாய்வு என்ற விகிதம் அதில் அளவுக்கு மீறி இருந்தது. அதைக் குறைத்த பிறகுதான் பிப்ரவரி 2 அன்று முறையான முதல் பயணம். பின்னாளில் ஸ்டிக்கும் இம்மியளவு அசையும்படி மாற்றப்பட்டது. வீட்டுக் கணினியில் விமான சிமுலேட்டரின் சென்சிட்டிவிட்டி பக்கத்தைத் திறந்து உட்காரும் நாம் செய்வதும் இதே வேலைதான். அதனால்தான் இதை வெறும் விளையாட்டு அமைப்பாக என்னால் பார்க்க முடிவதில்லை.

வடத்தால் இயங்கும் விமானங்களில் இந்தச் சிக்கல் ஏன் பெரிதாக எழவில்லை? செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் யோக் என்ற கைப்பிடியை இழுத்தால் எஃகு வடம் இழுபட்டு, வாலில் உள்ள எலிவேட்டர் அசையும். அந்தத் தகட்டைக் காற்று எதிர்த்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்கு. வேகமாகப் போகும்போது யோக் கனக்கிறது, கை தானாக அடங்குகிறது. மெதுவாக இறங்கும்போது யோக் இளகும், தாராளமாக இழுக்கலாம். சென்சிட்டிவிட்டியைக் காற்றே பார்த்துக்கொண்டது.

மேசை ஜாய்ஸ்டிக்கில் காற்று இல்லை, ஒரு ஸ்பிரிங்தான் இருக்கிறது. நிற்கும் விமானத்திலும் பறக்கும் விமானத்திலும் அது ஒரே மாதிரிதான் தள்ளும். நீளமும் போதாது. உண்மையான ஸ்டிக் முழங்காலுக்கு நடுவே நெட்டையாக நிற்கும். மேசையில் உள்ளது ஒரு சாண் இருந்தால் பெரிது. அங்கே கை ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்து செய்கிற வேலையை இங்கே ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் முடிக்க வேண்டும். விரல் நடுங்கினாலே விமானத்தின் மூக்கு மேலும் கீழும் தாவுகிறது.

முதலில் வந்த மருந்து டெட் ஸோன். 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த கேம் அடாப்டர், ஸ்டிக்கின் நிலையை நேரடியாக அளக்கவில்லை. ரேடியோவின் வால்யூம் திருகில் இருப்பது போன்ற மின்தடை வழியாக ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கணினி எண்ணிப் பார்க்கும், அவ்வளவுதான். கரித்தடத்தில் தூசி படிந்தால் அந்த எண் துள்ளும். கையே வைக்காதபோதும் விமானம் சாயும். அதனால் நடுவில் ஒரு சிறு பகுதியைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள்.

ஆனால் டெட் ஸோன் நடுக்கத்தை மறைக்குமே தவிர நுணுக்கத்தைத் தராது. அதைத் தந்தது, ஸ்டிக்கின் எந்த நிலைக்கு எவ்வளவு கட்டளை போக வேண்டும் என்று காட்டும் வளைகோடு. கட்டைவிரலளவுக் குச்சிகளால் ரேடியோ விமானம் ஓட்டுகிறவர்கள் இதை 'எக்ஸ்போ' என்பார்கள். சிமுலேட்டர்களுக்காகப் பீட் டௌசன் எழுதிய எஃப்எஸ்யுஐபிசி மென்பொருளில் இது 'ஸ்லோப்'. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் அதைத் திரையில் கோடாகவே வரைந்து காட்டியது.

கணக்கு எளிது. முழுத் தள்ளலை 1 என்று வைத்து, ஸ்டிக்கின் அளவில் பாதியையும் அதன் மூன்றாம் அடுக்கில் பாதியையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை 10 சதவீதம் தள்ளினால் எலிவேட்டருக்கு 5 சதவீதம்தான் போகும். 50 தள்ளினால் 31. 100 தள்ளினால் 100. நடுவில் கை நிதானப்படும், கடைசி எல்லையும் குறையாது. ஆனால் நடுவில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஓரத்தில் சேர்ந்து வரும்: இந்தக் கோட்டின் முனையில் சென்சிட்டிவிட்டி இரண்டு மடங்கு. தரை தொடும் நேரத்தில் மூக்கைத் தூக்க யோக்கை வெகுவாக இழுக்கிறோமே, அங்கேதான் அது கடிக்கும். வளைவை மிகவும் ஆழமாக்கிவிட்டு இறங்குவது கஷ்டமாக இருக்கிறது என்று வருந்துகிற பலருக்கும் நான் சொல்வது, கோட்டைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள் என்பதுதான்.

1997-இல் மைக்ரோசாஃப்டின் சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ வந்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் மோட்டார்கள். மென்பொருள் கேட்டால் வேகம் ஏற ஏற ஸ்டிக் கனக்கும், கையை எடுத்தாலும் விமானத்தை நிலையாக வைக்கும் டிரிம்மைத் திருப்பினால் ஸ்டிக் நிற்கும் இடமே மாறும். அப்படி ஒரு ஸ்டிக் கையில் இருந்தால் வளைகோட்டை நேர்கோடாக்கிவிட்டுப் பறக்கலாம்.