எலுமிச்சைக் கார்களும் வாரண்டித் தாள்களும்: அறியாமைக்கு விலை வைத்த வரலாறு

1

2008-ஆம் வருடம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒருவர் 2002-இல் செய்த போர்ஷே 911 கார் ஒன்றைப் பழசாக வாங்கப் போகிறார். புதுசில் கம்பெனி கொடுத்த நான்கு வருட, 50,000 மைல் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. பேரம் படிந்து, கையெழுத்துப் போட அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போகிறார்கள். கடன், காப்பீட்டு விவகாரங்கள் பேசுகிற அறை அது. இதுவரை காரைப் புகழ்ந்தவர் வெளியே நின்றுவிட்டார். உள்ளே இருப்பவர் வேறு ஆள். காரில் என்னென்ன உடையும், உடைந்தால் என்ன செலவாகும்னு இவர் ஆரம்பிக்கிறார். பயத்தைக் கிளப்பிவிட்டு மருந்தையும் நீட்டுகிறார்: நீட்டிக்கப்பட்ட வாரண்டி. சில ஆயிரம் டாலர். வாங்கலாமா, வேண்டாமா?

வசதியுள்ளவனின் பொம்மை வண்டிக்கு இங்கே என்ன பஞ்சாயத்து என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே நிறுவனம் வெளியறையில் 'கார் நல்ல கார்' என்றும், உள்ளறையில் 'எந்த நேரமும் உடையும்' என்றும் சொல்ல முடிகிறதே, இரண்டுக்கும் காசு வாங்க முடிகிறதே, இது எப்படிச் சாத்தியமாயிற்று? சரக்கைப் பற்றிய அறிவு ஒருவரிடமும் அறியாமை இன்னொருவரிடமும் இருக்கும்போது நட்டம் யார் தலையில் விழவேண்டும் என்பதைச் சட்டமும் சந்தையுமாகச் சேர்ந்து தீர்மானித்த வரலாறு அந்த உள்ளறைத் தாளுக்குள் இருக்கிறது.

2

ஆங்கிலச் சட்ட மரபில் பழைய விதி எளிமையானது: வாங்குகிறவன் பார்த்து வாங்கவேண்டும். 1603-இல் லண்டன் பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லை விஷமுறிவுக் கல் என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். அது போலி என்று வாங்கினவர் வழக்குப் போட்டார், தோற்றார். விஷமுறிவுக் கல் என்று விற்றவர் சொன்னது உண்மை. 'உத்தரவாதம் தருகிறேன்' என்று சொல்லவில்லையே என்றது தீர்ப்பு. வெறும் பேச்சு வேறு, உத்தரவாதம் வேறு. வியாபாரி இந்தப் பிரிவினைக்குள் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் பேசலாம்.

கார் வந்ததும் இந்த விதி ஆட்டம் கண்டது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். எஞ்சினுக்குள் அப்படிப் பார்க்க முடியாது. 1916-இல் மெக்ஃபெர்சன் எதிர் பியூக் வழக்கில், மரச் சக்கரம் முறிந்து அடிபட்டவருக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று நியூயார்க் நீதிபதி கார்டோசோ எழுதினார். 'எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தம் கிடையாது, நாங்கள் டீலருக்குத்தான் விற்றோம்' என்ற பியூக் கம்பெனியின் வாதம் எடுபடவில்லை.

கார்க் கம்பெனிகள் இதற்குக் கண்டுபிடித்த பதில்களில் ஒன்றுதான் எழுத்து வாரண்டி. வாரண்டி என்றால் கம்பெனி நமக்குக் கூடுதலாகக் கொடுக்கிற ஒன்று என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வரலாறு தலைகீழாக இருக்கிறது. அமெரிக்கக் கார்த் தயாரிப்பாளர் சங்கம் ஒரே மாதிரியான வாரண்டி வாசகம் ஒன்றை வைத்திருந்தது. பெரிய கம்பெனிகள் எல்லாமே அதையே அச்சடித்தன. 90 நாள் அல்லது 4,000 மைல். அதற்குள் பழுதான பாகத்தை, அனுப்பும் கூலியை நாமே கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பினால், பழுது உண்மைதானென்று அவர்களுக்குத் திருப்தி ஏற்பட்டால், வேறு பாகம் கிடைக்கும். இதைத் தவிர வேறெந்த உத்தரவாதத்துக்கும், வேறெந்த நட்டத்துக்கும் பொறுப்பில்லை. சட்டம் இயல்பாகவே வாங்குகிறவருக்குத் தந்திருந்ததைப் பிடுங்கிக்கொள்கிற பத்திரத்துக்குத்தான் வாரண்டி என்று பெயர்.

1955-இல் நியூஜெர்சியில் ஒருவர் அன்னையர் தினத்துக்கென்று மனைவிக்கு பிளிமத் கார் வாங்கினார். பத்தாவது நாள், 468 மைல் ஓடியிருந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த மனைவியின் கையில் ஸ்டியரிங் சுழன்றது. வண்டி சுவரில் மோதியது. கம்பெனி வாரண்டித் தாளைக் காட்டிற்று: பாகம் மாற்றித் தருவோம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்கள் பொறுப்பல்ல. ஹென்னிங்சன் வழக்கு என்று பெயர்பெற்ற இதில் 1960-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த வாசகம் செல்லாது என்றது. எல்லாக் கம்பெனியும் ஒரே வாசகத்தை நீட்டும்போது, பிடிக்கவில்லையென்றால் வேறு கடைக்குப் போ என்பதற்கு அர்த்தமில்லை. அங்கே பேரம் பேசும் சுதந்திரம் வெறும் கற்பனை என்று நீதிமன்றம் கண்டுகொண்டது.

3

1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் இதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. எழுத்து வாரண்டி கொடுக்கிறவர், சட்டம் தருகிற இயல்பான உத்தரவாதத்தை அடியோடு மறுக்க முடியாது என்றது. கூடவே ஒரு சொல்லைப் பிரித்தும் வைத்தது. பொருளின் விலையோடு சேர்ந்து, தனிக் காசில்லாமல் வருவதே வாரண்டி. தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வாரண்டி அல்ல, சேவை ஒப்பந்தம். ஆக, 'நீட்டிக்கப்பட்ட வாரண்டி' என்று உள்ளறையில் விற்கிறார்களே, அது சட்டப்படி வாரண்டியே இல்லை. பெயரை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறது.

டீலர் தானே ஒரு தரப்பாக இருந்து, விற்கும்போதோ அதிலிருந்து 90 நாளுக்குள்ளோ இப்படி ஒப்பந்தம் போட்டால், இயல்பான உத்தரவாதத்தை அவரும் மறுக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே டீலர் வேறொரு கம்பெனியின் ஏஜெண்டாக உட்கார்ந்து, தாளை விற்றுக் கமிஷன் வாங்குவது அவருக்குப் பாதுகாப்பு. தாளில் ஒரு கம்பெனி, காரில் இன்னொரு கம்பெனி. உடைந்தால் நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும்.

பழைய கார் விஷயத்தில் இதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. பழைய கார் விற்கிற டீலர், தனக்குத் தெரிந்த பெரிய பழுதுகளைக் காரின் கண்ணாடியில் ஒட்டிய தாளில் எழுதவேண்டும் என்று 1981-இல் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. கவனிக்க வேண்டும்: சோதித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல் என்றது, அவ்வளவுதான். டீலர்கள் சங்கம் எதிர்த்தது. 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விதியை ரத்து செய்தன. அப்படி ரத்து செய்யும் அதிகாரமே அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஆணையம் 1984-இல் திருத்தி வெளியிட்ட விதியில் தெரிந்த பழுதைச் சொல்லும் ஷரத்து இல்லை. வாரண்டி உண்டா, அல்லது 'உள்ளது உள்ளபடி' விற்பனையா என்று கட்டம் போட்ட தாள்தான் மிஞ்சியது. அந்தத் தாளில் சேவை ஒப்பந்தம் கிடைக்கும் என்று அறிவிக்கவும் ஒரு கட்டம் உண்டு.

தெரிந்துகொள்ளும் உரிமை போன இடத்தில், தெரியாமலிருப்பதற்கான காப்பீடு வந்து உட்கார்ந்துகொண்டது.

4

பழுதுக் காரை அமெரிக்கப் பேச்சில் எலுமிச்சை என்பார்கள். நம்மூரில் திருஷ்டி கழியப் புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சையை வைக்கிறோம். அங்கே காரேதான் எலுமிச்சை. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட 'எலுமிச்சைகளின் சந்தை' என்ற கட்டுரையை அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பிரதானமாகப் பேசப்பட்டது அந்தக் கட்டுரைதான். வாதம் இதுதான்: பழைய காரின் நிஜத்தை விற்கிறவர் அறிவார், வாங்குகிறவர் அறியார். அறியாதவர் சராசரிக் காருக்குத் தகுந்த விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார்க்காரர் விற்கமாட்டார், விலகிக்கொள்வார். சராசரி இன்னும் இறங்கும். கடைசியில் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். இதிலிருந்து தப்பிக்க உருவான ஏற்பாடுகளில் ஒன்றாக உத்தரவாதத்தை அவர் குறிப்பிடுகிறார்.

இந்தக் கட்டுரையைப் பொருளாதார வகுப்புக்கு வெளியே வைத்து வாசிக்கவேண்டும். கார் அதில் ஓர் உதாரணம்தான். கறுப்பின மக்களுக்கு வேலை மறுக்கப்படுவதும் அதில் வருகிறது: படிப்பின் தரத்தை அளக்க வழியில்லாதபோது முதலாளி நிறத்தை அளவுகோலாக்குகிறார். இந்தியாவும் வருகிறது. அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்குகிற நம்வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். தொழில் நிறுவனங்களைக் கையில் வைத்திருந்த மேனேஜிங் ஏஜென்சிகள் குறிப்பிட்ட சில சமூகங்களின் பிடியில் இருந்ததும் வருகிறது. முன்பின் தெரியாதவரை நம்பமுடியாத சந்தையில் சமூக உறவே நம்பிக்கைக்கு உத்தரவாதம் ஆகிறது என்பது அவர் விளக்கம்.

விளக்கம் சரி. ஆனால் அவர் தொடாமல் விட்ட கேள்வி நமக்கு முக்கியம். சாதிக்குள்ளே நம்பிக்கை புழங்குகிறதென்றால், வெளியே நிற்கிறவனுக்கு எது உத்தரவாதம்? ஒரே சாதிக்காரனுக்கு வாய்ச்சொல்லில் கிடைக்கிற கடன் மற்றவனுக்கு அடமானத்தோடும் வட்டியோடும்தான் கிடைக்கும். அறியாமையின் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. தெரிந்த மெக்கானிக் இருக்கிறவனுக்கு அந்த உள்ளறைத் தாள் தேவைப்படாது. யாரையும் தெரியாத ஊரில் யாரையும் தெரியாதவன்தான் அதற்குக் காசு கொடுக்கிறான்.

5

சரி, அந்த 2002 போர்ஷேக்கு வருவோம். 1990-களின் பிற்பகுதியில் போர்ஷே தன் 911 காரைத் தண்ணீரால் குளிரும் புதிய எஞ்சினுக்கு மாற்றியது, பாக்ஸ்டர் அப்படிப்பட்ட எஞ்சினோடுதான் வந்தது. அதில் கிராங்க்கிலிருந்து கேம்ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்துகிற இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பேரிங். பெரும்பாலான கார்களில் அது ஒன்றும் செய்யவில்லை. சிலவற்றில் முன்னறிவிப்பில்லாமல் உடைந்தது. உடைந்தால் இரும்புத் துகள் எண்ணெயோடு எஞ்சின் முழுக்கப் பரவும், வால்வுகளின் கணக்குத் தப்பும், எஞ்சினையே மாற்றவேண்டி வரும். கலிஃபோர்னியாவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசமாக முடிந்தது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்களில் சில, அதுவும் பத்து வருடம் அல்லது 1,30,000 மைல் வரம்புக்குள். பதினோராவது வருடம் உடைந்தவருக்கு அதில் இடமில்லை.

2008-இல் உள்ளறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பேரிங்கின் பெயரே தெரிந்திருக்காது. ஒப்பந்தம் எழுதிய கம்பெனி மட்டும் எலுமிச்சைத் தர்க்கத்தை நன்றாக அறியும். தன் கார் உடையும் என்று சந்தேகிக்கிறவர்கள்தான் அதிகம் வந்து வாங்குவார்கள். எனவே ஷரத்துகளால் தற்காத்துக்கொள்கிறது: தேய்மானம் சேராது, ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த பழுது சேராது, எண்ணெய் மாற்றிய ரசீதுகள் முழுசாக இல்லாவிட்டால் சேராது, பாகங்களை மாற்றியமைத்திருந்தாலோ ரேஸ் தடத்தில் ஓட்டியிருந்தாலோ சேராது. விளம்பரத்தில் எந்த வேகத்தைக் காட்டிக் காரை விற்றார்களோ, அந்த வேகம் ஒப்பந்தத்தில் குற்றமாகிவிடுகிறது. பழைய காரில் ஒரு பேரிங் உடைந்தால் அது தேய்மானமா, பழுதா? காரைத் திறந்து பார்த்தபிறகு ஒப்பந்தக் கம்பெனியே இதைத் தீர்மானிக்கும். 1955-இன் வாரண்டியில் பழுதைத் தொழிற்சாலை தீர்மானித்ததுபோலத்தான்.

இந்த வியாபாரம் பிறகு எங்கே போயிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. 2021-இல் ஒரே கூட்டம் மூன்று மாதத்தில் 500 கோடிக்கு மேல் தானியங்கித் தொலைபேசி அழைப்புகளை விடுத்து, 'உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது' என்று கூவியது. 2023-இல் அதற்குக் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். டி.வி. விளம்பரங்களில் பிரபலமான கார்ஷீல்டு, ஏமாற்று விளம்பரம் என்ற குற்றச்சாட்டை 2024-இல் ஒரு கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. தொலைபேசியில் கூப்பிடுகிறவர் காரைப் பார்த்ததேயில்லை. காரே வைத்திராதவருக்கும் அழைப்பு போனது.

6

ஆக, வாங்கலாமா வேண்டாமா? கணக்கு ஒன்று உண்டு. தாளின் விலைக்குள் ரிப்பேர்ச் செலவின் சராசரி, அலுவலகச் செலவு, டீலர் கமிஷன், லாபம் எல்லாம் அடக்கம். எனவே வாங்குகிறவர்களை மொத்தமாக எடுத்தால் நட்டம் அவர்களுக்குத்தான். ஒரே அடியில் தன்னைக் கவிழ்த்துவிடுகிற செலவுக்கு மட்டும் காப்பீடு அர்த்தமுள்ளது, அதுவும் அந்தக் குறிப்பிட்ட செலவை அது கொடுக்குமானால். எஞ்சின் செலவைத் தாங்கும் பணம் கையில் இருந்தால் தாள் வேண்டாம். இல்லையென்றால், அந்தக் கார் வேண்டுமா என்பதே முதல் கேள்வி.

இதற்கு மேலே ஒரு கேள்வி இருக்கிறது: உத்தரவாதம் தருகிறவர் காரைப் பார்த்தாரா? போர்ஷே கம்பெனியே சான்றளித்து விற்கும் பழைய கார்களை 111 அம்சங்களில் சோதித்துவிட்டுத்தான் வாரண்டி தருகிறது. அந்தக் கார் விலை கூடுதல்தான். ஆனால் அங்கே வாக்குக் கொடுப்பவருக்கு அறிவு இருக்கிறது. அகர்லாஃப் சொன்ன உத்தரவாதம் அதுதான். காரைப் பார்க்காதவர் விற்பது உத்தரவாதமல்ல, நம் அறியாமையின் மேல் கட்டுகிற பந்தயம். அதற்குக் கொடுக்கிற காசில் ஒரு சிறு பகுதியை விற்பனையோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தால், அவர் காரைத் தூக்கி நிறுத்துவார், எண்ணெய் வடிகட்டியை அறுத்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார், எஞ்சின் எத்தனை முறை அளவுமீறிச் சுழற்றப்பட்டது என்ற பதிவைக் கணினியிலிருந்து எடுப்பார். டீலர் இந்தச் சோதனைக்குக் காரைத் தர மறுத்தால், அந்த மறுப்பே போதுமான தகவல்.

ஆனால் இது தனியாள் தப்பிக்கிற வழி. மெக்கானிக்குக்குக் கொடுக்கப் பணமும் நேரமும் இருக்கிறவருக்கான வழி. வேலைக்குப் போகப் பழைய காரை விட்டால் வேறு வழியில்லாத அமெரிக்க ஏழைக்கு இன்றும் எஞ்சியிருப்பது கண்ணாடியில் ஒட்டிய அந்தக் கட்டம் போட்ட தாள்தான். 1982-இல் அவரிடமிருந்து பறித்தது பெரிய சலுகை ஒன்றுமில்லை. தெரிந்ததைச் சொல் என்ற ஒரு வரி. அந்த வரி இருந்திருந்தால் உள்ளறைக்காரர் பேசுவதில் பாதியை வெளியறைக்காரரே சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.