தொட்டி மண் கல்லாகிவிட்டதா? அதிகம் மெனக்கெடாமல் சரிசெய்யலாம்

"வாங்கினப்போ மண்ணு பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்ப தண்ணி ஊத்தினா மேலேயே நிக்குது."

வீட்டில் செடி வளர்க்கும் பலரும் சொல்வது இது. செடிக்கு மட்டுமல்ல, நமக்கும் அது பிரச்சினைதான். இறுகிய மண்ணில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடலாம். அதனால்தான் தொட்டி மண்ணைத் தளர்த்திவிடும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் நினைவூட்டுகிறது.

மண் ஏன் இறுகுகிறது?

மண்ணில் உள்ள மக்கிய பொருள்கள் குறைவதே முக்கியக் காரணம். சிங்கப்பூரின் வெப்பத்திலும் ஈரத்திலும் அவை ஆண்டு முழுதும் வேகமாகச் சிதைகின்றன. ஒருமுறை உரம் போட்டால் போதாது.

என்ன செய்யலாம்?

- மேல் மண்ணை ஒருமுறை மட்டும் முள்கரண்டியால் லேசாகக் கிளறுங்கள். வேர் அறுபடக்கூடாது.
- மக்கிய உரத்தை 2 சென்டிமீட்டர் அளவுக்குப் பரப்புங்கள்.
- அதன்மேல் காய்ந்த இலைகளை 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை போடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் தண்டு அழுகலாம்.
- இலைப் படலம் தாழ்ந்ததும் மீண்டும் போடுங்கள்.

அவ்வளவுதான்! மீதி வேலையை நுண்ணுயிரிகள் பார்த்துக்கொள்ளும். அவை இலையை மக்கச் செய்யும்போது மண்துகள்கள் சிறு உருண்டைகளாகச் சேர்கின்றன. இடையில் காற்றும் நீரும் போக வழி கிடைக்கிறது. நிலத்தில் போட்ட பாத்தி என்றால் மண்புழுக்களும் கைகொடுக்கும்.

எதில் கவனம் தேவை?

- பெரிய இலைகள்: குழிந்த இலையில் மழைநீர் தேங்கும். கிழித்துப் போடுங்கள்.
- காப்பிச் சக்கை: மெல்லியதாகத் தூவினால் போதும். தடிமனாகப் போட்டால் அதுவே இறுகி, நீரைத் தடுக்கும்.
- தேயிலைச் சக்கை: பால், சீனி கலக்காததாக இருக்கவேண்டும்.
- மிஞ்சிய சோறு, மீன், இறைச்சி, எண்ணெய்: வேண்டவே வேண்டாம். எலியும் கரப்பான்பூச்சியும் வரும், அண்டைவீட்டாரின் புகாரும் வரும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

சில வாரங்கள் கழித்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கினால் மண் தேறிவிட்டது. இன்னும் தேங்கி நின்றால் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடியில் தட்டு இருந்தால் அதில் வடிந்த நீரை மறக்காமல் கொட்டிவிடுங்கள்.