காலரா அறையில் ஓர் இரவுப் பள்ளி

சுயமுன்னேற்றம் என்றதும் தனியாளாகப் போராடி ஜெயித்த யாரோ ஒருவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்தப் பேச்சை உலகெங்கும் பரப்பிய புத்தகமோ ஒரு கூட்டுப் படிப்பிலிருந்து பிறந்தது.

1840-களில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். எளிய குடும்பத்து வாலிபர்கள் இரண்டு மூன்று பேர் குளிர்கால இரவுகளில் ஒருவர் வீட்டில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் சேரச் சேர வீடு போதவில்லை. கோடையில் தோட்டத்துக்கு மாறினார்கள். அங்கிருந்த பலகைக் கொட்டகையின் வாசலை மொய்த்துக்கொண்டு, சிலேட்டும் கையுமாக நெடுநேரம் நிற்பார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் போட்ட கணக்கெல்லாம் அழிந்துபோகும். அன்றையப் பாடம் அத்தோடு சரி.

மறுபடி குளிர்காலம் வந்தது. ஊரில் ஒரு பெரிய அறை காலியாகக் கிடந்தது. காலரா நோயாளிகளைக் கிடத்தியிருந்த இடம் என்பதால் யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. இவர்கள் துணிந்து வாரவாடகை பேசி, விளக்கேற்றி, சில பெஞ்சுகளும் ஒரு மேசையும் போட்டார்கள். எழுத்து, கணக்கு, பூகோளம் என்று தொடங்கி வேதியியல்வரை போனார்கள். சொல்லிக்கொடுத்தவரும் அவர்களே, படித்தவரும் அவர்களே. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

நூறு பேர் அளவுக்குச் சேர்ந்ததும், தங்களிடம் வந்து பேசும்படி சாமுவேல் ஸ்மைல்ஸை அழைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவம் படித்துப் பத்திரிகை ஆசிரியரானவர். 1845-இல் அங்கே ஆற்றிய உரைகளையே விரித்து 1859-இல் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்று வெளியிட்டார். முதல் ஆண்டிலேயே 20,000 பிரதிகள் விற்றன. 1871-இல் நகமுரா மசனாவோவின் மொழிபெயர்ப்பில் ஜப்பானுக்கும் போய், மெய்ஜி பேரரசர் காலத்து இளைஞர்களின் கைப்புத்தகமானது.

ஆனால் தலைப்பைப் பார்த்தே சிலர் அதைச் சுயநலத்துக்குப் பாடிய துதி என்று நினைத்துவிட்டார்கள். 1866 பதிப்பின் முன்னுரையில், தலைப்பு சரியாக அமையவில்லை என்று ஸ்மைல்ஸே வருந்தி எழுதினார். தனக்குத்தானே உதவிக்கொள்வதில் பிறருக்கு உதவுவதும் அடங்கும் என்பது அவர் வாதம்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு நூலக மரத்தடியில் கூடி, ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரிலும் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். மழைக்காலத்தில் அவர்கள் உட்கார ஓர் அறை திறந்துவிடுங்கள்.